வந்து சேர்ந்தவர் கணக்கு

முகாம்
5 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆண்டனிராஜ் மலை மேல் சுகமாக இருக்கிறேன். நீங்களும் மச்சானும் பிள்ளை ஐரினும் எப்படி இருக்கிறீர்கள்? மச்சானின் முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலம் வந்ததா? இங்கே போன் எடுக்காது. வாரம் ஒருமுறை ரேஷன் சுமந்து வரும் கோவேறு கழுதைகளோடுதான் தபாலும் ஏறி வருகிறது. பதில் தாமதமானால் பயப்பட வேண்டாம்.

ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். அக்டோபர் பத்தாம் தேதி எங்கள் பட்டாளத்துக் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர் ஒன்பது நாள் ரோந்து கிளம்புகிறோம். நடத்திக்கொண்டு போவது நான். காடு, ஓடை, சரளைக்கல் சரிவு. முதுகில் இருபது கிலோ. ஸ்டோரில் இரண்டு வகைக் காலணி வந்து இறங்கியிருக்கிறது. ஒன்று வழக்கமான தோல் பூட். கணுக்காலை இறுக்கிப் பிடித்து, அதற்கு மேலும் ஒரு சாண் ஏறும். மற்றது மலையேறப் போகிறவர்கள் போடும் லேசான ஷூ, துணியும் ரப்பரும். கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். பன்னிரண்டு பேரும் ஒரே வகைதான் போட வேண்டும். எது என்று செப்டம்பர் இருபதுக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் கேப்டன் செழியன் தமிழ்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். "நடக்கப்போறது நீங்க. உங்க வாக்குதான் முடிவு ஆண்டனி. ஆனா வெறும் வாக்கோட வராதீங்க, ஆதாரத்தோட வாங்க" என்றார். அவருக்கு லேசான ஷூ பிடித்திருக்கிறது. காலில் கூடுகிற ஒரு கிலோ முதுகில் ஐந்து கிலோ கூடுவதற்குச் சமம் என்கிறார். எனக்கு பூட்தான் சரி என்று படுகிறது. நடுக்காட்டில் ஒருவனுக்குக் கணுக்கால் போனால் நான்கு பேர் அவனைச் சுமக்க வேண்டும். ரோந்து அந்த இடத்தோடு முடிந்தது.

அப்போது உங்கள் நோட்டு ஞாபகம் வந்தது. வேளாங்கண்ணிக்கு உங்களோடு நடந்து வருகிறவர்களின் பெயர், காலில் என்ன போட்டிருந்தார்கள், என்ன காயம் என்று வருஷா வருஷம் எழுதி வைத்திருக்கிறீர்களே. அதுவும் ஒன்பது நாள் நடை. உயரமான ஷூ போட்டவர்களுக்கும் லேசானது போட்டவர்களுக்கும் கணுக்கால் எப்படி இருந்தது என்று பார்த்து எழுதுங்கள்.

போன வருஷத்துச் சுளுக்கைப் பற்றிக் கேட்பீர்கள். அது அப்போதே சரியாகிவிட்டது.

உங்கள் ஜெபத்தை நம்பி இருக்கும்,
தம்பி ஆண்டனி


மாதா துணை
மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
19 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி சுகம், படித்ததும் முழுச் சுகம். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். தைலம் வந்தது. உன் மச்சான் அதை முழங்காலுக்குத் தடவாமல் தலைவலிக்குத் தடவியே தீர்த்துவிட்டார். மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது. நீ ஸ்வெட்டரைக் கழற்றாமல் இரு.

"எட்டாங்கிளாஸ் அமலராணிகிட்ட ராணுவம் கணக்குக் கேக்குதாம்ல" என்று ஐரின் வீடெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உன் கேப்டனுக்குப் புரியும்படி இந்த நோட்டு எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்ததும், மாதாவைப் பார்க்கப் போகும் முன் எங்கள் கூட்டத்து ஆட்களை வரிசையாகப் பலகையில் உட்கார வைத்து, பெண்கள் நாங்கள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் கழுவி மருந்து வைப்போம். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். மறுநாள் நன்றிப் பூசையில் அந்தப் பெயர்களை வாசிப்பார்கள். பெயரோடு போகட்டும் என்று காலணியையும் காயத்தையும் சேர்த்து எழுதியது எனக்குள்ள புத்தி. நீ பட்டாளத்தில் சேர்ந்த 2011இல் ஆரம்பித்தேன். கொரோனா இரண்டு வருடம் போக, பதினொரு நடை.

மொத்தம் 214 பேர். வெறுங்காலும் ரப்பர் செருப்பும் 132. கேன்வாஸ், ஓட்டப்பந்தய ஷூ போன்ற லேசான வகை 63. மில்லில் கொடுக்கிற உயரமான தோல் ஷூ 19. இந்தப் பத்தொன்பது பேரில் கணுக்கால் பிசகியவர் ஒருவர்கூட இல்லை. கொப்புளம் மூன்று பேருக்கு. லேசான ஷூ 63 பேரில் கணுக்கால் பிசகியவர் ஆறு, கொப்புளம் இருபத்து நான்கு. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன், ஐரின் மூன்றாம் முறை பார்த்தாள்.

நீ நினைத்ததுதான் சரி போலிருக்கிறது. ஆனால் எங்களுடையது தார் ரோடு, உன்னுடையது மலை. அதையும் கேப்டனிடம் சொல்லிவிடு.

ஒவ்வொரு சனிக்கிழமையும் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது.
அக்கா அமலராணி


முகாம்
8 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோர் நலமும் கடிதத்தில் கண்டு சந்தோஷம்.

உங்கள் கணக்கை அப்படியே கேப்டனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இது யாரு எழுதுனது, எந்த காலேஜ்?" என்றார். "எங்க அக்கா சார். சமையலறைதான் காலேஜ்" என்றேன். பத்தொன்பது பேரில் கணுக்கால் பிசகியவர் ஒருவர்கூட இல்லை என்ற வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார். ஷூ மேல் அவருக்கு இருந்த பிடிப்பு பாதி குறைந்துவிட்டது. இங்கே உங்கள் பெயர் தெரியாத ஆள் இல்லை இப்போது.

அவர் இரண்டு கேள்வி கேட்டார். மழையில் நனைந்தால் எது சீக்கிரம் காய்கிறது, சுமையோடு நடந்தால் என்ன ஆகிறது என்று. இந்த வருஷ நடையில் அதையும் பார்த்துச் சொல்ல முடியுமா? முடிவு கிட்டத்தட்ட எடுத்த மாதிரிதான். கணுக்கால் விஷயத்தில் சந்தேகமே இல்லை. இருந்தாலும் நடையில் கணுக்காலை மட்டும் மறக்காமல் கவனியுங்கள்.

பெருமையோடு,
தம்பி ஆண்டனி


மாதா துணை
மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
24 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் சந்தோஷத்தையும் வேலையையும் சேர்த்துக் கொண்டுவந்தது. வீட்டில் எல்லோரும் சுகம். முன்பு எழுதியிருந்த இருமல் விட்டதா? இந்த முறை அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

பேகம்பூரில் என்னோடு தையல் படித்த பாஸிலா இருக்கிறாளே, அவள் வீட்டுக்காரர் மில்களுக்கு ஷூ கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். அங்கே போய் என் அளவுக்கு ஒன்றும், கூட நடக்கும் ஆட்களுக்கு ஆறும் என்று உயரமான பூட் கேட்டேன். பாஸிலா கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஏன்டி அமலா, மாதா கோவிலுக்குப் போறியா, சண்டைக்குப் போறியா?"

"ரெண்டுக்குந்தான். தம்பிக்காக."

"அப்ப வெலையப் பத்திப் பேசாத. ஏழு ஜோடியும் எடுத்துக்கிட்டுப் போ. திருப்பித் தரும்போது நாறாம தந்தாச் சரி."

காய்கறித் தராசில் வைத்து நிறுத்தேன். பூட் ஜோடி ஒரு கிலோ எழுநூறு. லேசான ஷூ அறுநூறு கிராம். உன் கேப்டன் சொல்கிற ஒரு கிலோ இங்கேயே இருக்கிறது.

ஆறு பேர் பூட், ஆறு பேர் லேசான ஷூ என்று ஆள் பிடித்துவிட்டேன். நான் ஒரு நாள் அது, ஒரு நாள் இது என்று மாற்றிப் போடுவேன். முதுகில் எட்டுக் கிலோ அரிசி. "அரிசி மூட்டையோட யாராச்சும் நேர்ச்ச நடப்பாங்களாம்மா?" என்று ஐரின் கேட்டாள். தினம் அதிலிருந்துதான் சமையல். நாளுக்கு நாள் மூட்டை குறையும். ராணுவத்திலும் அப்படித்தானே.

ஒரே ஒரு தயக்கம். நீ சேர்ந்த வருடத்திலிருந்து வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்திருந்தேன். எங்கள் கோவில் பங்குச் சாமியிடம் போய், "இந்த வருசம் ஷூ போட்டா நேர்ச்ச முறிஞ்சிருமா சாமி?" என்று கேட்டேன்.

"யாருக்காக நேர்ந்த?"

"தம்பிக்காக."

"ஷூ யாருக்காகப் போடுற?"

"அவனுக்காகத்தான் சாமி."

"அப்புறம் என்னத்தக் கேக்குற? கடைசி நாள் மட்டும் வெறுங்கால்ல நட. தெனம் ஒரு ஜெபமாலை கூடச் சொல்லு. செத்த நேரம்தான் ஆகும்."

மனசு லேசானது. இப்போது நீ சொல். போன வருடம் விழுந்தாயே, அப்போது எக்ஸ்ரே எடுத்தார்களா? இப்போது காலை முழுதாக ஊன்றி நடக்கிறாயா? இதற்கு மட்டும் தனியாகப் பதில் எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா அமலராணி


முகாம்
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், இருமல் போய்விட்டது. நீங்கள் அரிசி சுமந்து நடக்கப்போவதைக் கேட்டு கேப்டன் எழுந்து நின்றே சல்யூட் அடித்தார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே.

ஒரே ஒரு விஷயம். இறக்கத்தில் இடது கணுக்கால் வெளிப்பக்கமாக மடிந்து விழுந்தவர் யாராவது இருந்தால் தனியாக எழுதுங்கள். அப்படி ஒருமுறை மடிந்த கணுக்கால், பூட்டை இறுக்கிக் கட்டினால் ஒன்பது நாள் தாங்குகிறதா? கணுக்கால் வீக்கம் எத்தனை மாதத்தில் முழுதாக வற்றுகிறது?

ரேஷன் கழுதைகள் இறங்கப்போகின்றன, நிறுத்துகிறேன். நல்லபடியாக நடந்து வாருங்கள்.

தம்பி ஆண்டனி


மாதா துணை
வேளாங்கண்ணி
5 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நேற்று மத்தியானம் மாதா சன்னிதிக்கு வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை மண்டபத்தில் உட்கார்ந்து எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: நான் ஜூனில் எழுதி அனுப்பிய கணக்கு தப்பு. கேப்டனிடம் சொல்லி அதை நிறுத்தி வை.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். மூன்றாம் நாள் மணப்பாறை. எங்கள் பூட்காரர்களில் ஒருவர் மரியராஜ், நூல் மில்லில் செக்யூரிட்டி. பஸ் ஸ்டாண்டு எதிரே நடைபாதையில் உட்கார்ந்து பூட்டைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் தோல் இல்லை. உன் மச்சான் எங்கள் கூட்டத்தோடு ஓட்டி வரும் தண்ணீர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுய்யா, வண்டியில வா" என்றார்.

"வேணாம்ணே. வண்டியில வந்தா அது நடையா? நான் ஊருக்கு பஸ் ஏறுறேன்" என்றவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "அக்கா, என் பேர எழுதிறாதீங்க."

"எழுதல. வந்து சேந்தவங்களத்தான எழுதுவேன்."

"ஆமாமா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியும் நீங்க எழுதல."

"எப்ப?"

"இதே மணப்பாறையில, இதே மாதிரி மில் ஷூவோட திரும்புனேன்லக்கா. அன்னைக்கு எங்கூட இன்னும் மூணு பேரு பஸ் ஏறுனாங்க. எல்லாம் நம்ம மில்லுக்காரங்கதான்."

தம்பி, பதினொரு வருடமாக வேளாங்கண்ணியில் கால் கழுவிய ஆட்களை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பாதியில் திரும்பியவர்களின் காலை நான் கழுவவே இல்லை. அதனால் அவர்கள் என் நோட்டில் இல்லவே இல்லை. உயரமான ஷூவோடு வந்து சேர்ந்த பத்தொன்பது பேரை எண்ணி, ஒன்றும் ஆகவில்லை என்று உனக்கு எழுதினேன். ஆனவர்கள் எல்லாம் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள்.

மரியராஜின் பெயரை அங்கேயே எழுதினேன். அவர் வெட்கப்பட்டார். "வெக்கம் எனக்குத்தான்" என்றேன்.

நீ கேட்ட மற்றது. தஞ்சாவூர் தாண்டி அம்மாபேட்டையில் நல்ல மழை. லேசான ஷூக்கள் மறுநாள் காலை உப்புமா இறக்குவதற்குள் காய்ந்துவிட்டன. பூட்டுக்குள் காகிதம் திணித்து வைத்தும் மறுநாள் சாயங்காலம் வரை ஈரம். ஈரத் தோலுக்குள் நடந்த இன்னொருவரும் திருவாரூரில் நின்றுவிட்டார். சுமையோடு நடந்ததில், பூட் போட்ட நாளெல்லாம் மத்தியானத்துக்கு மேல் எனக்குத் தொடை கனத்தது. லேசான ஷூ நாளில் அப்படி இல்லை. லேசான ஷூக்காரர் ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது, துணி சுற்றி நடந்துவிட்டார்.

ஊருக்குப் போனதும் திரும்பிப் போனவர்களைத் தேடி எழுதுகிறேன். அதுவரை பொறு.

மாதாவின் சன்னிதியில் உன்னை நினைக்கும்,
அக்கா அமலராணி


மாதா துணை
மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
14 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. எல்லோரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல். இந்த ஆறு நாளும் நான் வீட்டில் உட்காரவில்லை. மில் குடியிருப்பு, சித்தையன்கோட்டை, பேகம்பூர்ப் பக்கம் என்று, எங்களோடு கிளம்பித் திரும்பிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். சிலர் கதவைத் திறந்ததும் காணிக்கை கேட்க வந்தேன் என்று நினைத்தார்கள். "எந்த வருசம் திரும்புனீங்க, கால்ல என்ன போட்டிருந்தீங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஒருவர் மட்டும், "இத்தன வருசமா இத யாரும் கேக்கலம்மா" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

பதினொரு வருடத்தில் திரும்பியவர்கள் 38 பேர் கிடைத்தார்கள். அதில் உயரமான ஷூ 17, லேசான ஷூ 7, மற்றது 14.

இப்போது சேர்த்துப் பார். உயரமான ஷூவோடு கிளம்பியவர் 36. அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள், பெரும்பாலும் குதிகால் தோல் உரிந்து. லேசான ஷூவோடு கிளம்பியவர் 70. திரும்பியது ஏழு. கணுக்கால் பிசகியது உயரமான ஷூவில் நான்கு பேர், லேசானதில் ஏழு பேர். ஒன்பதில் ஒன்று, பத்தில் ஒன்று. பூட் கணுக்காலைக் காப்பாற்றியது என்று என் நோட்டை வைத்துச் சொல்ல முடியாது.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி. உன் மூன்று கடிதங்களையும் எடுத்து எண்ணினேன். கணுக்கால் என்று பத்து இடத்தில் எழுதியிருக்கிறாய். குதிகால் ஒரு இடத்தில்கூட இல்லை. பன்னிரண்டு பேருக்காகக் கேட்பவன் இருபத்து நான்கு காலைக் கேட்பான். நீ இடது காலை மட்டும் கேட்கிறாய். வீக்கம் எத்தனை மாதத்தில் வற்றும் என்று கேட்கிறாய். நான் எக்ஸ்ரே பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

தம்பி, உன் கால் இன்னும் சரியாகவில்லை. இறுக்கிக் கட்டிய பூட் இல்லாமல் உன்னால் அந்த ஒன்பது நாளை நடக்க முடியாது. அதற்காகத்தான் பூட் வேண்டும் என்கிறாய். இது தப்பாக இருந்தால் என்னைத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியாக இருந்தால், உன் ஒரு காலுக்காக அந்தப் பதினொரு பேரின் குதிகாலை உரிய விடாதே. கேப்டனிடம் சொல்.

உன்னைச் சின்னதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த,
அக்கா அமலராணி


மாதா துணை
மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
1 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சொன்ன இருபதாம் தேதி போய்ப் பதினொரு நாள் ஆகிறது. இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. உன் மச்சான் தினம் தபால்காரரை வாசலில் நிறுத்தி, "மலையிலருந்து ஏதும் இருக்கா?" என்று கேட்கிறார்.

நான் எழுதியது அதிகம் என்றால் அதையாவது எழுது. ரோந்து பத்தாம் தேதி என்றாய். அதற்குமுன் ஒரு வரி போதும்.

அக்கா


முகாம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று வழக்கம்போல எழுத வந்தேன், இந்த முறை முடியவில்லை.

உங்கள் வேளாங்கண்ணிக் கடிதம் பத்தொன்பதாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. கணக்கு தப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். மறுநாள் பூட் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பழைய கணக்கு கேப்டனிடம் இருந்தது, அவர் அதை நம்பினார். இரண்டாம் கடிதம் இருபத்தாறாம் தேதி வந்தது. படித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. போன வருஷம் விழுந்தது சுளுக்கு இல்லை, உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது என்று நான் லீவில் போய்ப் பார்த்த வெளி டாக்டர் ஒருவர் சொன்னார். யூனிட்டில் சொல்லவில்லை. சொன்னால் என் மருத்துவத் தகுதி வகை இறங்கிவிடும், ரோந்து வேறு ஆளுக்குப் போகும், அடுத்த ரேங்க்கும் தள்ளிப்போகும். பூட்டை இறுக்கிக் கட்டினால் வலி தெரியாமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதைப் பன்னிரண்டு பேருக்கும் போட்டுவிட்டேன்.

ரோந்துக்குத் தயாராக பூட்டோடும் சுமையோடும் தினம் நடந்தோம். மூன்றாம் தேதி ஓடை கடந்து வந்த பிறகு எங்கள் முகேஷ்குமார் பின்தங்கினான். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு வயது. உட்காரச் சொல்லிப் பூட்டைக் கழற்றினேன். காலுறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது.

"எத்தன நாளா இப்படி?"

"நாலு நாளாச்சுங்கண்ணா. ஒண்ணும் ஆகாதுங்க, நடந்துக்கலாமுங்க."

"ஏன்டா சொல்லல?"

"பூட்டுதான் நல்லதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களாமா. நீங்களே சொன்னா அது சரியாத்தான இருக்குமுங்க?"

அக்கா, அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. என் மேல் உள்ள மதிப்பில் சொன்னான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அன்றைக்கே உங்கள் இரண்டு கடிதத்தையும் கேப்டனின் மேஜையில் வைத்துவிட்டு, என் இடது காலையும் காட்டினேன்.

அவர் இரண்டையும் தேதி பார்த்துப் படித்தார். பிறகு, "கையெழுத்துப் போட்ட அன்னைக்கே இது உங்க கையில இருந்துச்சா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. கடைசியில், "உங்க அக்காவ ரோந்துக்கு அனுப்பிட்டு உங்கள அரிசி சுமக்க விட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார்.

லேசான ஷூ பழக வேண்டும் என்று ரோந்து நான்கு நாள் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நடத்திப் போவது நாயக் ரேங்க்கில் இருக்கும் சுருளிவேல். என் இடத்தில் இன்னொருவன். நான் போகவில்லை.

மன்னிப்புக் கேட்கும்,
தம்பி ஆண்டனி


மாதா துணை
மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
18 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ முதல் வரியில் சுகம் என்று பொய் எழுதாததே எனக்குப் பெரிய சுகம். நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

கையெழுத்துப் போட்டாய் என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். மீதியை ஐரின் வாசித்தாள். வாசித்து முடித்ததும் உன் மச்சான் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். அப்புறம், "அமலா, தப்பு பண்ணாத ஆள நான் பாத்ததில்ல. பண்ணுன தப்ப தன் ஆபீசர் மேசையில கொண்டுபோயி வச்ச ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். உன்னைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்வது எப்போதாவதுதான் என்று உனக்குத் தெரியும்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. என் முதல் கணக்கு இல்லாவிட்டால் உன் கேப்டன் நம்பியிருக்க மாட்டார். நான் தெரியாமல் செய்தேன், நீ தெரிந்து செய்தாய், வித்தியாசம் அவ்வளவுதான். உன்னை மன்னிக்க நான் யார்? அந்தப் பையன் முகேஷ்குமாரிடம் கேள்.

ரோந்து இப்போது நடுவழியில் இருக்கும். பன்னிரண்டு பேருக்காகவும் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்கிறேன். சுருளிவேல் யார் வீட்டுப் பிள்ளையோ, அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கும்,
அக்கா அமலராணி


ராணுவ ஆஸ்பத்திரி
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மலையிலிருந்து இறங்கிவிட்டேன். சாப்பாடும் தூக்கமும் நன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கணுக்காலில் ஆபரேஷன். ஆறு மாதத்தில் முழுதாக ஊன்றலாம் என்கிறார்கள். இந்த வருஷம் எனக்கு ரேங்க் இல்லை. அதைக் கேப்டன் நேராகவே சொன்னார், நானும் நேராகவே கேட்டுக்கொண்டேன்.

ரோந்து திரும்பும்வரை முகாமிலேயே வயர்லெஸ் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது நாளும் அந்தப் பன்னிரண்டு பேரின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் முற்பகல் சரிவில் தலைகள் தெரிந்தன. எண்ணினேன். பன்னிரண்டு. யாரும் யாரையும் சுமந்து வரவில்லை.

ஒவ்வொருவர் காலையும் நானே பார்த்து எழுதினேன். கொப்புளம் இரண்டு பேருக்கு. சுருளிவேலுக்கு ஐந்தாம் நாள் கணுக்கால் பிசகியது, பட்டை ஒட்டி நடந்துவிட்டான். இரண்டு ஜோடி ஷூ சரளைக்கல்லில் அடி கிழிந்துவிட்டது. முகேஷ்குமாருக்குப் பாறையில் இடித்துப் பெருவிரல் நகம் போயிற்று. பூட்டாக இருந்தால் அது போயிருக்காது. அதையும் எழுதினேன். அவனிடம் நீங்கள் சொன்னபடி மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கண்ணா, நகந்தானுங்க, மொளைச்சுக்கும்" என்றான். நான் கேட்டது நகத்துக்கு இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

அடுத்து வருகிற ரோந்துகளுக்காக அறிக்கை எழுதித் தரும் வேலையை கேப்டன் எனக்கே கொடுத்தார். நான்கு பக்கம் எழுதினேன். உங்கள் இரண்டு கணக்கையும் போட்டு, முதலாவது ஏன் தப்பு என்று விளக்கினேன். பனிக்கும் பெரிய சுமைக்கும் இது பொருந்தாது என்றும் எழுதினேன். கடைசி வரியாக, 'பூட் வேண்டும் என்று நான் முதலில் பரிந்துரைத்ததற்குக் காரணம் நிலமோ சுமையோ அல்ல. என் இடது கணுக்காலில் இருந்த, நான் மறைத்த காயம்' என்று எழுதினேன்.

கேப்டன் படித்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த வரி தேவையில்ல ஆண்டனி. ஷூ பத்தின விஷயமெல்லாம் மேலயே வந்துருச்சு. இது மேலிடத்துக்குப் போனா உங்க பேர்லயே கறையா நிக்கும்."

"தெரியும் சார். நாளைக்கு வேற கம்பெனியில ஒருத்தன் ஆதாரத்தோட வந்து இதுதான் வேணும்னு நிப்பான். அப்ப அவன் கணக்க மட்டும் பாக்காம அவன் காலையும் பாக்கணும்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, ஒரு எழுத்தையும் மாற்றாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்புடன்,
தம்பி ஆண்டனி